தோட்டத்துக் காடியும் பத்து நிமிடப் பார்வையும்

நம் தோட்டப்புறங்களில் ஒரு காலத்தில் கார் என்றால் அது துரையின் கார்தான். பெரிய கிராணியார் வீட்டு வாசலில் ஒரு பழைய மோரிஸ் மைனர் நின்றாலே லயம் முழுக்க அதுதான் பேச்சு. பிள்ளைகள் தொட்டுப் பார்க்கக் கூடப் பயப்படுவார்கள். 1985-இல் புரோட்டோன் சாகா வந்தது. 1994-இல் பெரோடுவா கஞ்சில் வந்தது. அந்தக் கார்கள் பட்டணத்தில் ஓடி, பழசாகி, இரண்டு மூன்று கை மாறி, நம்மவர்கள் கைக்கு எட்டும் விலைக்கு வந்தன. பால்வெட்டிலும் குலை வெட்டிலும் வியர்வை சிந்திச் சேர்த்த காசில், கூட்டுப் பணம் எடுத்து வாங்கிய காடி இன்று பல லயங்களின் வாசலில் நிற்கிறது. மகிழ்ச்சிதான்.

ஆனால் லயத்தில் நிற்கும் காடி ஒரு வீட்டுக்கு மட்டும் சொந்தமானது அல்ல. அதை நாம் எல்லாரும் அறிவோம். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நடுராத்திரியில் வலி கண்டால், ஓடி வந்து கதவைத் தட்டுவது காடி வைத்திருக்கும் வீட்டைத்தான். கிழவருக்கு நெஞ்சு அடைத்தாலும் அதே வீடுதான். ஆம்புலன்சுக்குப் போன் அடித்தாலும், விளக்கில்லாத செம்மண் ரோட்டில், ஒன்றைப் போலவே இருக்கும் செம்பனை வரிசைகளுக்கு நடுவே வழி கண்டுபிடித்து வருவதற்குள் அரை மணி நேரம் போய்விடும். அந்த நேரத்தில் சாவியைத் திருப்பினால் காடி கிளம்ப வேண்டும். கிளம்பினால் மட்டும் போதாது, நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்கவும் வேண்டும். இந்த வாரம் நாம் பேசப் போவது அதைப் பற்றித்தான்.

லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தேர்வன்று ஜே.பி.ஜே. அதிகாரி பக்கத்தில் நிற்க, போனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, இது எஞ்சின் எண்ணெய், இது பிரேக் எண்ணெய், இது ரேடியேட்டர், இது பேட்டரி என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்புவித்தோமே! மலாயில் அதற்கு ஆர்.பி.கே. என்று பெயர். வாகனத்தை வழக்கமாகச் சோதிப்பது என்று பொருள். பிறகு உள்ளே ஏறி உட்கார்ந்து இருக்கை, கண்ணாடி, பெல்ட் எல்லாவற்றையும் சரி பார்ப்பது ஆர்.எஸ்.எம். தேர்வு முடிந்தது, லைசென்ஸ் கைக்கு வந்தது, அதோடு போனட்டையும் மூடி விட்டோம். பிறகு அது திறக்கப்படுவது காடி நடுவழியில் புகைவிட்டு நிற்கும்போதுதான்.

"அதெல்லாம் ஓர்க்‌ஷாப்காரன் பாத்துக்குவான் லா" என்று சொல்பவர்களே நம்மில் அதிகம். நியாயமான பேச்சு மாதிரித்தான் தெரியும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை செர்விஸ் என்று ஓர்க்‌ஷாப்பில் கண்ணாடியில் சீட்டு ஒட்டி அனுப்புகிறார்கள். தோட்டத்துக் காடி ஒரு வாரத்தில் எவ்வளவு ஓடுகிறது? ஞாயிற்றுக்கிழமை பட்டணத்துக்குப் போய் வர ஒரு நூறு கிலோமீட்டர் என்று வைத்துக் கொள்வோம். ஐயாயிரத்தைத் தொட ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். அந்த ஒரு வருடமும் காடி வெயிலிலும் மழையிலும் சேற்றிலும் நிற்கிறது. ரப்பர் கிலோமீட்டரைப் பார்த்துக் கெடுவதில்லை, நாளாக ஆகக் கெடுகிறது. எண்ணெயும் அப்படித்தான். அதனால்தான் பட்டணத்துக் காரை விட நம் காடிக்கு அடிக்கடி பார்வை தேவைப்படுகிறது. நடப்பதோ நேர்மாறாக இருக்கிறது.

சரி, அரசாங்கம் பார்க்காதா? பஸ், லோரி போன்ற வாடகை வாகனங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சொந்தக் காருக்கு அப்படி வருடா வருடம் கட்டாயச் சோதனை கிடையாது. கார் கைமாறிப் பெயர் மாற்றும்போது ஒருமுறை பார்ப்பார்கள். ரோட் டெக்ஸ் புதுப்பிக்கும்போது இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பார்ப்பார்களே தவிர, பிரேக் பிடிக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. ஐந்து வருடத்துக்கு முன் வாங்கிய காடியை, வாங்கிய அன்றைக்குப் பிறகு பொறுப்போடு சுற்றிப் பார்த்த ஆள் ஒருவருமே இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் பார்க்க வேண்டியது யார்? ஓட்டுகிற நாம்தான்.

டயரில் இருந்து தொடங்குவோம்

தோட்டத்து ரோடு டயருக்கு எமன். செம்மண்ணில் துருத்திக்கொண்டு நிற்கும் கல், குலை லோரி போட்ட பள்ளம், செம்பனை மட்டையின் முள். இவை பட்டணத்துக் காருக்கு வராத தொல்லைகள். அதனால் டயரை மேலாகப் பார்த்து "பூ இருக்கு, போதும்" என்று சொல்லிவிட முடியாது.

முதலில் அந்தப் பூவையே பார்ப்போம். 'புங்ஙா தாயார்' என்று மலாயில் சொல்கிறோமே, அதன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அந்த டயர் சட்டப்படி ஓடக் கூடாது. மில்லிமீட்டர் அளக்க நம்மிடம் கருவி இல்லை என்று கவலைப்பட வேண்டாம். டயர்க்காரனே அடையாளம் வைத்திருக்கிறான். பூவின் பள்ளத்துக்குள் விரலை ஓட்டிப் பாருங்கள். அங்கங்கே சிறு மேடு தட்டுப்படும். பூ தேய்ந்து தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்து விட்டால், டயரின் காலம் முடிந்தது. அதற்குப் பிறகும் ஓடுவது 'போத்தாக்' டயர். வெயில் நாளில் அது சும்மா இருக்கும். மழை நாளில் தார் ரோட்டின் மேல் தண்ணீரில் வழுக்கிக்கொண்டு போகும். அப்போது பிரேக்கும் கேட்காது, ஸ்டீரிங்கும் கேட்காது. நம் நாட்டில் மழைக்கு நாள் கிழமை பார்க்கவா வேண்டும்?

டயரின் வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. பள்ளத்தில் விழுந்து விழுந்து சக்கரத்தின் நேர் கெட்டுப்போன காடிகளில் டயர் உள்பக்கமாகத் தேயும். வெளியே பூ நன்றாக இருக்கும், உள்ளே கம்பி எட்டிப் பார்க்கும். ஸ்டீரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பி வைத்துவிட்டு இறங்கி வந்து பாருங்கள். முன் டயரின் உள் ஓரம் நன்றாகத் தெரியும். பக்கவாட்டில் வெட்டு இருக்கிறதா, எங்கேயாவது கட்டி மாதிரி வீங்கி இருக்கிறதா என்றும் தடவிப் பார்க்க வேண்டும். வீங்கிய டயர் உள்ளே நூல் அறுந்த டயர். அதற்கு ஒட்டுப் போட முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

இன்னொன்று, டயரின் வயது. டயர் பக்கவாட்டில் நான்கு எண்கள் தனியாக ஒரு சிறு கட்டத்துக்குள் இருக்கும். 2319 என்று இருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். வண்டி ஓடாமல் நின்றாலும் டயருக்கு வயதாகும். ஐந்து வருடம் தாண்டினால் வருடத்துக்கு ஒருமுறையாவது தெரிந்தவரிடம் காட்டுங்கள், பத்து வருடம் ஆனால் பூ எவ்வளவு இருந்தாலும் கழற்றிப் போடுங்கள் என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன. நம்மவர்கள் பழைய டயர் வாங்குவது வழக்கம். குறைந்த சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்று 2025-இல் உயர்ந்த பிறகும், நாலு புது டயர் ஒரே மாதத்தில் வாங்குவது குடும்பத்துக்குப் பெரிய பாரம்தான். அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் பழைய டயர் வாங்கும்போது பூவை மட்டும் பார்த்து விலை பேசாதீர்கள். அந்த நான்கு எண்ணைப் படித்துவிட்டுப் பேசுங்கள். பூ பளபளவென்று இருக்கும், எண்ணைப் பார்த்தால் பிள்ளை பாலர் பள்ளிக்குப் போன காலத்து டயராக இருக்கும்!

காற்றுக்கு வருவோம். முன் கதவைத் திறந்தால் கதவு நிலையில் ஒரு சிறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். எந்த டயருக்கு எவ்வளவு காற்று என்று அதில் போட்டிருக்கும். பல கார்களில் ஒரு ஆள் இரண்டு ஆள் ஏறினால் ஒரு கணக்கு, முழுப் பாரத்துக்கு ஒரு கணக்கு என்று இரண்டு எண் இருக்கும். நம் காடி எப்போது இரண்டு பேரோடு போயிருக்கிறது? கலியாணத்துக்குக் கிளம்பினால் சீர்வரிசைத் தட்டும் சேர்ந்தல்லவா ஏறுகிறது! பாரத்துக்கு உரிய காற்றை அடியுங்கள். எண்ணெய் நிலையங்களில் காற்றுக்குக் காசு வாங்குவதில்லை. அங்குள்ள கருவியில் பெரும்பாலும் 200, 220 என்று எண் காட்டும். ஸ்டிக்கரிலும் அதே கணக்கு இருக்கும், பார்த்து அடித்தால் போதும்.

காற்று குறைந்த டயர் ஓடும்போது மடிந்து மடிந்து நிமிர்கிறது. அதனால் சூடேறுகிறது. நெடுஞ்சாலையில் வேகமாக, நிறைய ஆட்களோடு போகும்போது அந்தச் சூட்டில் வெடிக்கிறது. "தூரப் பயணம், டயர் சூடாகும், கொஞ்சம் காற்றைக் குறைச்சுக்கலாம்" என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். மரியாதையோடு சொல்கிறோம், அது தவறு. டயர் ஆறி இருக்கும்போது காற்றைப் பார்க்க வேண்டும். சூடான டயரில் எண் கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கி விடக் கூடாது.

பூட்டில் படுத்திருக்கும் ஸ்பேர் டயரையும் எழுப்பிப் பார்க்க வேண்டும். தேவைப்படும் நேரத்தில் அதில் காற்றே இருக்காது. மெல்லிசான ஸ்பேர் டயராக இருந்தால் அதன் மேல் 80 என்று எழுதியிருக்கும். அந்த வேகத்துக்கு மேல் போகக் கூடாது, பக்கத்து டயர்க் கடை வரை போகத்தான் அது. ஜேக் வைப்பதற்கு ஒரு கெட்டிப் பலகைத் துண்டையும் பூட்டில் போட்டு வையுங்கள். நம் மண்ணில் ஜேக் புதைந்து காடி சாயும். டயர் மாற்றிய பிறகு ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். ஓர்க்‌ஷாப்பில் மாற்றினாலும் சரிதான்.

பிரேக் எண்ணெய் குறைந்தால்

போனட்டுக்குள் ஓட்டுநர் பக்கமாக ஒரு சிறு வெள்ளை டப்பா இருக்கும். வெளியில் இருந்தே எண்ணெய் மட்டம் தெரியும். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. எண்ணெய் இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். இவ்வளவுதான் பார்வை, அரை நிமிடம் ஆகாது.

ஆனால் பார்த்த பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். எஞ்சின் எண்ணெய் கொஞ்சம் குறைவது வழக்கம். பிரேக் எண்ணெய் அப்படி அல்ல. அது மூடிய குழாய்க்குள் இருப்பது. குறைகிறது என்றால் ஒன்று பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ ஒழுகுகிறது. இரண்டில் எதுவானாலும் ஊற்றி மூடி வைப்பது மருந்து அல்ல.

நமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் நடந்தது இது. நல்ல மனிதர், லயத்தில் யாருக்கு என்ன என்றாலும் காடியை எடுத்துக்கொண்டு ஓடுவார். பிரேக் எண்ணெய் குறைந்திருப்பதைப் பார்த்தார், ஊற்றினார். இரண்டு வாரத்தில் மறுபடி குறைந்தது, மறுபடி ஊற்றினார். "எண்ணெ கொறைஞ்சா ஊத்துறோம், அவ்வளவுதானே" என்று நினைத்து விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயாரையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கோயில் மேட்டிலிருந்து இறங்கும்போது மிதித்த பிரேக் அடிவரை போய்விட்டது. மனிதர் தைரியசாலி. கியரை இறக்கி, கை பிரேக்கை இழுத்து, காடியை ரோட்டோர மண்மேட்டில் ஏற்றி நிறுத்தி விட்டார். அம்மாவுக்குக் கை எலும்பு முறிந்ததோடு போயிற்று. பிறகு சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், பின் சக்கரத்தின் உள்ளே பிரேக் எண்ணெய் கசிந்து கசிந்து பிரேக் கட்டையெல்லாம் நனைந்து கிடந்தது. அந்தச் சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்ததை முந்தின வாரமே பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். மழைத் தண்ணீர் என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை.

ஆகவே மட்டம் இறங்கினால் ஓர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய் நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் டப்பாவில் எஞ்சின் எண்ணெயையோ வேறு எதையுமோ ஒரு சொட்டுக் கூட ஊற்றக் கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். டப்பா மூடியிலேயே டாட் 3 அல்லது டாட் 4 என்று போட்டிருக்கும், அதைத்தான் வாங்க வேண்டும். அந்த எண்ணெய் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக் கொள்ளும் குணம் உடையது. ஈரம் சேர்ந்த எண்ணெய், கேமரன் மலை மாதிரி நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது சூடேறிக் கொதிக்கும். கொதித்தால் மிதி வேலை செய்யாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றி விடுவது நல்லது. மலையில் இறங்கும்போது கியரை இறக்கி எஞ்சினே காடியைப் பிடித்துக் கொள்ளும்படி வர வேண்டும். இது லோரி ஓட்டும் நம் தோழர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

கிளம்பும் முன் காலாலேயே ஒரு சோதனை செய்யலாம். எஞ்சினைத் தொடங்காமல் பிரேக்கை நாலைந்து தடவை மிதியுங்கள். மிதி கெட்டியாகும். கெட்டியான மிதியில் காலை அழுத்தி வைத்துக்கொண்டே எஞ்சினைத் தொடங்குங்கள். மிதி கொஞ்சம் கீழே இறங்கினால் பிரேக்குக்கு உதவி செய்யும் பூஸ்டர் உயிரோடு இருக்கிறது. இறங்கவே இல்லை என்றால் அதில் கோளாறு. காலை அழுத்தி வைத்திருக்க, மிதி மெல்ல மெல்ல அடி வரை போய்க்கொண்டே இருந்தால் அந்தக் காடியை எடுக்காதீர்கள், எவ்வளவு அவசரமானாலும் சரி. மிதித்தால் பஞ்சு மாதிரி இருக்கிறது, ஒரு பக்கமாக இழுக்கிறது, 'கிரீச்' என்று இரும்போடு இரும்பு உரசும் சத்தம் வருகிறது என்றாலும் அப்படித்தான்.

கால்வாய் நிரம்பி ரோட்டில் தண்ணீர் ஓடும் நாளில், அதைக் கடந்து வந்ததும் மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை லேசாக நாலு முறை தொட்டு உலர்த்திக்கொள்ள வேண்டும்.

தரையைப் படிப்பது

இது காசு செலவில்லாத சோதனை. ராத்திரி காடியை நிறுத்தும்போது, மீ பெட்டியோ பால் டின் பெட்டியோ பிரித்து, அட்டையை எஞ்சினுக்கு அடியில் விரித்து வையுங்கள். காலையில் பிரட்டுக்குப் போகும் முன் எடுத்துப் பாருங்கள். கறுப்பாக, பிசுபிசு என்று இருந்தால் எஞ்சின் எண்ணெய். பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் ரேடியேட்டரின் கூலன்ட். அது விஷம், நாய் பூனை நக்காமல், பிள்ளைகள் தொடாமல் கழுவி விட வேண்டும். நிறமே இல்லாமல் அல்லது லேசான மஞ்சளாக, வழுவழு என்று சக்கரத்துக்கு அருகில் இருந்தால் அதுதான் பிரேக் எண்ணெய். சுத்தமான தண்ணீர் மட்டும் என்றால் ஏர்கான் தண்ணீர், பயம் வேண்டாம்.

எஞ்சின் எண்ணெயைச் சம தரையில், காடியை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். கம்பியை உருவித் துடைத்து, மறுபடி செருகி உருவிப் பார்த்தால் இரண்டு குறிக்கு நடுவில் எண்ணெய் நிற்க வேண்டும். பால் கலந்த தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே கலந்திருக்கிறது, ஓட்டாதீர்கள். ரேடியேட்டர் மூடியைச் சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பாய்ந்து வெந்துபோனவர்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் டப்பாவில் மட்டத்தைப் பார்த்தாலே போதும். அதில் குளத்துத் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் ஊற்றி ஊற்றி ரேடியேட்டரைத் துருப்பிடிக்க வைத்து விட்டோம். அவசரத்துக்கு ஊற்றலாம். வழக்கமாக்கக் கூடாது.

போனட்டைத் திறந்த கையோடு ஒயர்களையும் ஒரு பார்வை பாருங்கள். தோட்டத்தில் எலிக்குப் பஞ்சமில்லை. எலியைப் பிடிக்கச் செம்பனைக் காட்டில் ஆந்தைக்குக் கூடு வைத்திருக்கிறது நிர்வாகம்; நம் போனட்டுக்குள் ஆந்தை வராது. வெதுவெதுப்பான எஞ்சின் எலிக்கு நல்ல வீடு, ஒயர் நல்ல தீனி. எலியைத் தேடிப் பூனையும் ஏறிப் படுத்துக் கொள்ளும். காலையில் போனட்டை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் தொடங்கினால் பூனைக்கும் புண்ணியம். பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றித் துடைத்து, இறுக்கி வையுங்கள். நடுராத்திரியில் 'டிக் டிக்' என்று மட்டும் சத்தம் வந்து காடி கிளம்பாமல் போவதற்குப் பாதிக் காரணம் இந்தப் பூப்புதான்.

விளக்குகளுக்குப் பெரிய வித்தை வேண்டாம். சாயங்காலம் சுவரைப் பார்த்து நிறுத்தி முன் விளக்கைப் போடுங்கள். இரண்டும் சுவரில் தெரிய வேண்டும். ஒற்றைக் கண்ணோடு வரும் காடியை எதிரே வருபவர் மோட்டார் சைக்கிள் என்று நினைத்து நெருங்கி விடுவார். பிறகு பின்பக்கத்தைச் சுவருக்குக் காட்டி நிறுத்தி, பிரேக்கை மிதித்துப் பின் கண்ணாடியில் பார்த்தால் சிவப்பு வெளிச்சம் தெரியும். வைப்பர் ரப்பர் வெயிலில் காய்ந்து பிளந்திருந்தால் மாற்றுங்கள். ரப்பர் மட்டும் தனியாகக் கிடைக்கும், சில வெள்ளிதான். மழை கொட்டும்போது கண்ணாடியில் கோடு கோடாக இழுக்கும் வைப்பரோடு குலை லோரியை எதிர்கொண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

பின் சீட்டில் புதைந்த பெல்ட்

முன் சீட்டுக்கு பெல்ட் 1979-லிருந்தே கட்டாயம். பின் சீட்டுக்கு 2009 ஜனவரி முதல் தேதியிலிருந்து கட்டாயம். ஆனால் நம் காடிகளில் பின் பெல்ட் எங்கே என்று தேடினால் சீட்டுக்கு அடியில், முறுக்கு மாவும் மணலும் கலந்து புதைந்து கிடக்கும். ஆட்கள் கூடுதலாக ஏற இடைஞ்சல் என்று நாமே உள்ளே தள்ளி விட்டோம். அதை வெளியே எடுத்துத் துடைத்து, கொக்கியை மாட்டி, படக்கென்று இழுத்துப் பாருங்கள். அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காத பெல்ட் கழுத்தில் போட்ட துண்டுக்குச் சமம். நூல் பிரிந்திருந்தாலும் மாற்ற வேண்டும். அம்மா மடியில் குழந்தை பத்திரமாக இருக்கிறது என்று நினைக்கிறோம். மோதும் நேரத்தில் எந்தத் தாயின் கையும் குழந்தையைப் பிடித்து வைக்க முடியாது. அவ்வளவு வேகத்தில் அது கையை விட்டுப் போய்விடும். குழந்தை நாற்காலி வேண்டும் என்ற சட்டம் 2020-இல் வந்தது. விலைதான் இடிக்கிறது. பிள்ளை வளர்ந்து விட்ட வீட்டில் சும்மா கிடப்பதை லயத்துக்குள் கைமாற்றிக் கொள்ளலாம். தொட்டிலைக் கைமாற்றிக் கொள்ளாத லயம் உண்டா?

இதையெல்லாம் பார்த்துவிட்டு, ஏறும் முன் காடியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வர வேண்டும். டயரைப் பார்ப்பதற்காக மட்டும் அல்ல. லயத்து வாசல்தான் நம் பிள்ளைகளின் விளையாட்டுத் திடல். கோலிக் குண்டு உருண்டு காடிக்கு அடியில் போயிருக்கும், அதை எடுக்க ஒரு பிள்ளை பின்னால் குனிந்திருக்கும். கண்ணாடியில் அது தெரியாது. ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு பெரிய ஆள் பக்கவாட்டில் நின்று பிள்ளைகளைப் பிடித்துக் கொள்ளட்டும்.

மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் தோழர்கள், இதெல்லாம் காடிக்காரர்கள் சமாச்சாரம் என்று பக்கத்தைத் திருப்பி விட வேண்டாம். டயர், பிரேக், விளக்கு மூன்றும் உங்களுக்கும் பொருந்தும். அதோடு செயின் தொய்வையும் சேர்த்துக் கொள்ளுங்கள். இரண்டு சக்கரத்தில் ஒன்று வழுக்கினால் மிச்சம் ஒன்றுதான்.

எப்போது பார்ப்பது? சம்பள நாளும், முன்பணம் கொடுக்கும் நாளும் யாருக்கும் மறக்காது. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டு வாரம். அந்த இரண்டு நாளிலும் காற்று, எண்ணெய், தண்ணீர், விளக்கு என்று பத்து நிமிடம் ஒதுக்குங்கள். சுவரில் தொங்கும் நாட்காட்டியில், கோயில் விசேஷத்தையும் கேஸ் தோங் மாற்றிய தேதியையும் குறித்து வைக்கிறீர்களே, அதிலேயே பிரேக் எண்ணெய் மட்டத்தையும் ஒரு கோடாகக் குறித்து வையுங்கள். போன முறையை விட இறங்கி இருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். நீண்ட பயணத்துக்கு முதல் நாள், பத்து மலைத் தைப்பூசமோ ஊர்த் திருவிழாவோ, தனியாக ஒருமுறை பார்த்து விடுங்கள். கிளம்பும் காலையில் பார்த்தால் கோளாறு கண்டாலும் யாருக்கும் நின்று சரி செய்ய மனம் வராது. சாமி பார்த்துக் கொள்ளும் என்று ஏறி விடுவோம்.

ஓர்க்‌ஷாப்பில் விட்டால், கழற்றிய பழைய சாமானை எடுத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. நேர்மையான மெக்கானிக் தானாகவே எடுத்து வைத்திருப்பார். "மாத்திட்டேன் அண்ணே" என்று வாயால் மட்டும் சொல்பவரிடம் அடுத்த முறை போக வேண்டாம்.

இந்தப் பத்து நிமிடத்தில் வீட்டுக்காரரை மட்டும் நிறுத்தாதீர்கள். வீட்டுக்கார அம்மாவுக்கும், வயதுக்கு வந்த மகனுக்கும் மகளுக்கும் காட்டிக் கொடுங்கள். ராத்திரி வேலைக்கு ஆலைக்குப் போன மனிதரைத் தேடிக்கொண்டு இருக்க முடியாது. லைசென்ஸ் உள்ள இன்னொருவர் யார், சாவி எந்த ஆணியில் தொங்குகிறது, டார்ச் விளக்கு எங்கே இருக்கிறது என்று லயத்தில் நாலு வீட்டுக்குத் தெரிந்திருக்கட்டும். டாங்கியில் கால் பங்கு பெட்ரோலாவது எப்போதும் இருக்கட்டும். ராத்திரி இரண்டு மணிக்குத் தோட்டத்துக்கு அருகில் எந்த எண்ணெய் நிலையமும் திறந்திருக்காது.